கோழையும் கடைவாய்ப் பல்லும்

1983, மாசி 3. பனி. எதிர்மலை தெரியவில்லை.

ஜீப்பில் மலையிறங்கிப் போளூர் ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரி காளியம்மாளும் வந்தாள். கடைவாய்ப் பல், வலப்பக்கம். வாயைத் திறந்தேன், இருமல் வந்துவிட்டது. பல் டாக்டரம்மா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"எத்தினி நாளா இருமல்?"

"ஐப்பசிலேர்ந்து ஊசி போட்டுக்கினு வர்றாரும்மா. டி.பி.," என்றாள் காளியம்மாள்.

"மொதல்ல சொல்லக் கூடாதா தாத்தா?"

"பல்லுக்குத்தானே வந்தேன்? நெஞ்சுக்கு இல்லியே."

சிரித்தார். ஆனால் வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டார். அங்கே வந்து அவர் சொன்னது: இருமினால் கிருமி காற்றில் நிற்கும். பல் பிடுங்குபவர் முகம் என் வாய்க்கு அருகில். அடுத்தவர் உட்காருவதும் அதே அறை. கோழையில் கிருமி இல்லை என்று தெரிந்தால்தான் பிடுங்குவார். அதுவரை வலி மாத்திரை. கோழை பிடிக்க ஒரு டப்பா.

பல் டாக்டரம்மா என்று எழுதக் கை வலிக்கிறது. இனி ப.டா.

மாசி 5. வெயில்.

தவறு செய்தேன். விடிந்ததும் வேப்பங்குச்சியால் பல் தேய்த்து, நன்றாகக் கொப்பளித்து, தெளிவாகத் துப்பி, டப்பாவை வாழை இலையில் சுற்றிக் கொண்டுபோனேன். சோதிப்பவர் திறந்து பார்த்தார்.

"இன்னா பெரியவரே, வெறும் எச்சிலு! நெஞ்சிலேர்ந்து காறி எடுக்கணும்."

"பெரிய மனுசங்க கையில அழுக்கத் தர்றதாங்க? எங்க மலையில கழுவாம ஒரு காயக்கூட குடுக்க மாட்டோம்."

பக்கத்தில் நின்ற ப.டா.வின் வாய்த்துணி புடைத்துப் புடைத்து அடங்கியது. சிரிப்புத்தான்.

மாசி 7. வலி. கூழ் மட்டும். இரண்டு நாளாகக் காலையில் காறி எடுத்தது, அழுக்காகவே கொடுத்தாயிற்று. ப.டா. பிடுங்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? காளியம்மாள்: "நானே கயிறு கட்டி இழுக்கறேன்."

மாசி 10. நல்ல காற்று.

இரண்டு நாள் கோழையிலும் கிருமி இல்லை! ஊசி, மாத்திரை மட்டும் நிறுத்தக் கூடாதாம். ஆனாலும் கடைசி ஆளாகத்தான் கூப்பிட்டார். ஜன்னல் எல்லாம் திறந்து. குறடு கொதிநீரிலிருந்து. ஒரே இழுப்பு.

வாயில் பஞ்சு. ஒரு மணி நேரம் பேசக் கூடாது.

"இன்னும் நாலு பஞ்சு குடும்மா. வூட்ல கொஞ்ச நாளு நிம்மதியா இருப்பேன்," என்றாள் காளியம்மாள்.

விடுவேனா? இரவுப் பள்ளியில் எழுதப் படித்தது வீணா? தாளில் எழுதி நீட்டினேன்: உன் வாய்க்கும் ஒரு பஞ்சு வேண்டும்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ப.டா.விடம் கொடுத்தாள். அவர் படித்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க இல்லாட்டி நான் இல்லன்னு எழுதி இருக்காரு."

காளியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். ப.டா. விரலை ஆட்டினார்.

ஜீப் வந்துவிட்டது.