சாரல்கூச்சம்

14-7-83, வியாழன். தென்காசி.

உலகத் தத்துவத்தையே ஒற்றை ஆளாகக் கவிழ்த்துவிட்டேன்.

பிறரைக் காக்கவைத்து அழகை ரசிப்பது நியாயமா என்று தத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்கிறாள் அக்கா மகள் செல்வி. பின்னால் ஆட்கள் காத்திருக்க, அருவியில் நெடுநேரம் நிற்கும்போது வரும் கூச்சத்துக்குக் குற்றாலத்தில் தனிச்சொல் உண்டா என்று போன சீசனில் கேட்டாள்.

"சாரல்கூச்சம்! ஆயிரம் வருசமா சொல்லுதாங்க" என்று அந்த நொடியில் உண்டாக்கிச் சொன்னேன்.

இன்று காலையில் வந்து நிற்கிறாள். "மாமா, அந்தச் சொல்லை வச்சு ஒரு அத்தியாயமே எழுதிட்டேன். நாளைக்கு என் ஆராய்ச்சிக் கைடு வாராரு. குத்தாலத்துல நாலு பேருகிட்ட விசாரிக்கணும்ங்காரு."

அந்த நாலு பேரும் கையை விரித்தால் என் கதை கந்தல். மாலையில் குற்றாலத்துக்கு ஓடி, எண்ணெய் தேய்த்துவிடும் மாடசாமியிடம் அந்தச் சொல் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமலா அண்ணாச்சி? எங்க தாத்தா தெனமும் சொல்லுவாருல்லா!"

இன்னும் ஒரு வயதுகூட ஆகாத என் பொய்க்கு ஒரு தாத்தா கிடைத்துவிட்டார்! கைடும் நம்பிவிடுவார். பட்டமும் கிடைத்துவிடும். ஆனால் என்றைக்காவது சாயம் வெளுத்தால், பட்டத்தோடு செல்வியின் பேரும் போகும்.

பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் கேட்கிறது. அந்த அத்தியாயத்தைத்தான் அடிக்கிறாள். சாரலே இல்லாமல் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கதவைத் தட்டிச் சொல்லிவிடப் போகிறேன். இன்னும் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு.