நேசனின் கறன்ற் காரும் எதிர்க்கடை ஜெசிந்தாவும்

ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். கராஜ் வாசல் ஒரே சேறு. வாங்க வேண்டியவை: கிறீஸ், பிரேக் எண்ணெய், தேயிலை.

உடுப்பிட்டி நேசன் வந்தான். வாடகைக்கு ஹையர் ஓடித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவனுடைய பழைய வான் வண்டியைக் கடைசிவரை திருத்தியவன் நான். இப்போது மின்சாரத்தில் ஓடும் கறன்ற் கார். வெள்ளிக்கிழமையிலிருந்து சார்ஜ் ஏறவில்லையாம். மிச்சம் இருந்த சார்ஜில் இங்கே புத்தூர் வரை வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

"கொழும்பிலை கேட்டனான் அண்ணை. உள்ளுக்கு இருக்கிற சார்ஜரை முழுசா மாத்தவேணுமாம். அவ்வளவு காசுக்கு என்னாலை ஏலாது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை சரிவரேல்லையெண்டால் பாட்ஸுக்குக் கழட்டிக் குடுத்திட்டு வேறை வேலை பாக்கப்போறன்."

பொனற்றைத் திறந்தேன். சத்தம் இல்லை, எண்ணெய் மணம் இல்லை. என் காதுக்கும் மூக்குக்கும் அங்கே என்ன வேலை? தடித்த செம்மஞ்சள் வயர்கள் மட்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கை சும்மா இருக்குமா? நேரே ஒரு வயர் இழுத்துப் பார்ப்போம் என்று ஸ்பானர் சாவியை எடுத்தேன்.

"ராசன் அண்ணை! கையை எடுங்கோ! உது ஆளைக் கொல்லுற கறன்ற்!"

எதிர்க்கடை ஜெசிந்தா. குருநகர்க்காரி. முன்பு வள்ளங்களின் மின்கருவிகள் திருத்தியவள், போன வருடம் கறன்ற் கார் பார்க்கிற கடை போட்டாள். விளையாட்டுக் கார் விற்கிற மாதிரி அதற்கு ரிமோட் கடை என்று பட்டப்பெயர் வைத்தவனே நான்தான். மழையில் குடையும் இல்லாமல் றோட்டைக் கடந்து ஓடி வந்தாள். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பின்னேரம் மூன்று பேருமாகக் காரை எதிர்க்கடைக்குத் தள்ளினோம். தேத்தண்ணிக் கடையில் ஒருவன்: "ராசன்ரை கராஜ் காரே றோட்டுக்கு அங்காலை போகுது!" எரிச்சல்.

7, செவ்வாய்

வெயில். என்னிடம் வேலை இல்லை. போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையுறையைப் போட முன் ஊதிப் பார்க்கிறாள். பலூன் மாதிரி வீங்குகிறது, காற்றுப் போனால் ஓட்டையாம், குப்பைக்குள். மோதிரத்தைக் கழற்றினாள். என் வெள்ளிக் காப்பையும் கழற்ற வைத்தாள். சோப்புப் போட்டுத்தான் வந்தது.

பெரிய பற்றரியின் பிளக்கைக் கழற்றி, வேறு யாரும் திரும்பக் கொழுவாதபடி தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியோடு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பிள்ளை, துடங்கேல்லையோ?"

"துடங்கீட்டன் அண்ணை. உள்ளுக்கு நிக்கிற கறன்ற் வடியவேணும். சும்மா இருக்கிறதும் இதிலை வேலைதான்."

என் ஆயுளில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. இவளுக்கு அது வருகிறது. பெரிய ஆள்தான்.

8, புதன்

மதியம்வரை கறன்ற் இல்லை. ஒரு வானுக்குப் பிரேக் மாற்றினேன், அவ்வளவுதான்.

நேசனின் சார்ஜ் வயரை வேறு காரில் குத்திப் பார்த்தாளாம். வேலை செய்கிறது. அப்படியென்றால் பிழை காரில். சார்ஜரைக் கழற்றப் போகிறாளா என்று கேட்டேன்.

"கழட்டினால் மாத்து எண்டுதான் முடியும். உந்த மனுசன் காரை வித்துப்போடும். வெளியிலை ஒண்டும் விடாமல் பாத்திட்டுத்தான் உள்ளுக்குப் போவன்."

வீட்டில் மனைவி யோகா: "உங்கடை கடையைப் பூட்டிப்போட்டு அங்கை என்ன பாக்கிறியள்?" நல்ல வேலையைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

9, வியாழன்

புழுக்கம். நேசன் காலையிலேயே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். முகம் கறுத்துப்போய்.

ஜெசிந்தா காரின் மூக்கில் உள்ள சார்ஜ் வாயைத் திறந்து ரோர்ச் அடித்தாள். உள்ளே ஊசிகள். அடியில் மண்ணிறமாக ஏதோ. துரு என்றாள். நானும் குனிந்தேன். மணம். எண்ணெய் இல்லை, ரப்பர் இல்லை.

"பிள்ளை, உது துரு இல்லை. சந்தனம்!"

இரண்டு பேரும் நேசனைத் திரும்பிப் பார்த்தோம்.

"போன கிழமை சரஸ்வதி பூசைக்கு வைச்சனான்" என்றான். "வாகனம் சாப்பிடுற இடத்திலைதானே அண்ணை பொட்டு வைக்கிறது? வானுக்கு டீசல் மூடியிலை வைப்பன். இதுக்கு வாய் உதுதானே?"

அவனை எப்படி ஏசுவது? என் கராஜில் வருடாவருடம் நானும் அங்கேதான் வைக்கிறேன்.

ஜெசிந்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: அந்தச் சின்ன ஊசியால்தான் காரும் சார்ஜ் வயரும் கதைக்கும், கதைத்த பிறகுதான் கறன்ற் வரும். அதைச் சந்தனம் மூடிவிட்டது. ஸ்பிரிற், சின்னப் பிரஷ், ஊசி ஊசியாகத் துடைத்தாள், காது குடைந்துவிடுகிற பக்குவம். காய விட்டாள். பிளக்கைத் திரும்பப் போட்டாள். வயரைக் குத்தினாள்.

முகப்பில் நீல வெளிச்சம். சார்ஜ் ஏறுகிறது.

நேசன் பொனற்றில் கையை வைத்தபடி நின்றான். காரைக் கழற்றாமலே காப்பாற்றிவிட்டாள்.

12, ஞாயிறு

வெயில். நேசன் நேற்று முழுக்க ஹையர் ஓடினானாம். இன்று கோயிலிலிருந்து நேரே ஜெசிந்தா கடைக்கு வந்தான். நானும் அங்கேதான். அவள் கேட்டிருக்கிறாள்: "கறன்ற் காருக்கும் பிரேக் இருக்கு, சில்லு இருக்கு. அதுகளை நீங்கள் பாருங்கோவன் அண்ணை. மணம் பிடிக்கிற மிசின் என்னட்டை இல்லை." யோசிக்கிறேன் என்றேன். காப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன், அதை அவள் கவனித்தாளோ தெரியாது.

நேசன் வாழையிலையை விரித்தான். திருநீறு, பூ, சந்தனம். காரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "இனி எங்கை அக்கா வைக்கிறது?"

ஜெசிந்தா என் நெற்றியைக் காட்டினாள்.

"அங்கை வையுங்கோ. இந்தக் கடையிலை கறன்ற் இல்லாமல் ஓடுறது அந்த மூளை ஒண்டுதான்."