மாப்பிள்ளை காரில் தூக்கம்

மகள் வீட்டில் கொலுவிருக்கும் என் மகாராணிக்கு,

ஹைபிரிட் கார் வந்துவிட்டது. மூவுலகிலும் இப்படியொரு தேர் கிடையாது. உள்ளே உட்கார்ந்தால் வெளியே எறும்பு தும்முவது கேட்கிறது.

முதல் நாளே சிக்னலில் எஞ்சின் தானாக அடங்கியது. செத்துவிட்டது என்று நினைத்து, இறங்கி பானெட்டைத் திறந்தேன். பின்னால் உலகத்து வண்டிகள் அத்தனையும் அலறின. பைக்கில் இருந்த ஒரு பெண், “பேட்டரியில ஓடும் பெரியவரே, ஏறி மிதிங்க” என்றாள். என்னைப் போய்ப் பெரியவர் என்கிறாள்.

போன மாதம் மகள் போனில், “அம்மா அவர் கார்ல ஏறினதுமே தூங்கிட்டாங்கப்பா. அவ்வளவு பதமா ஓட்டுறார்” என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பக்கத்தில் நீ என்றாவது கண்ணை மூடியதுண்டா? இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே பழைய காரின் தரையில் பள்ளம் போட்டவள் நீ. அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்தத் தேரை வாங்கினேன்.

பதமாக ஓட்டினால் திரையில் பச்சை எரியும். இப்போதெல்லாம் ஆமைகள் என்னை முந்துகின்றன.

ஞாயிறன்று அழைத்துவர நானே வருகிறேன். மாப்பிள்ளை கொண்டுவந்து விடுவதாகச் சொன்னால் மறுத்துவிடு. வழியில் கொஞ்சம் கண்ணை மூடு. நடித்தாலும் போதும்.

இப்படிக்கு,
உன் சாரதி