பூரணியின் நாற்காலிக்குக் கொடுத்த அளவு

7.5.2006, ஞாயிறு
வீட்டில் இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர், மகள் பூரணி, ஹட்டனில் கம்ப்யூட்டரில் மெஷின் படம் வரையப் படிப்பிக்கும் கஜதீபன் மாஸ்டர். வேறு யாரும் இல்லை.
எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் மேடுபள்ளப் பாதையில் ஓடக்கூடிய சக்கர நாற்காலி செய்து தருவாராம். பூரணியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போக இனி என் முதுகு தாங்காது. ஆனால் இலவசமாம். ஏன் இலவசம்? மாணவர்கள் செய்து பழகவாம்.
பிள்ளையைக் கட்டிலில் கிடத்தச் சொல்லி அளவு நாடாவை எடுத்தார். எனக்குப் பதறிவிட்டது. செத்தவர்களைத்தானே பெட்டிக்காகக் கிடத்தி அளப்பார்கள்?
"அதெல்லாம் வேணாங்க மாஸ்டர்." பள்ளிக்கூடக் கவுனைக் கொடுத்தேன்.
"நான் டெயிலர் இல்லை அக்கா" என்று சிரித்தபடி அதையே அளந்தார்.

9.5, செவ்வாய்
அம்மனுக்கு விளக்கு வைத்தேன். மனம் ஒப்பவில்லை.

14.5, ஞாயிறு
ஹட்டன் போய்ப் பார்த்தோம். நாற்காலியே இல்லை! கம்ப்யூட்டர் திரையில் முதுகுக்கு ஒரு கோடு, தொடைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று.
"இது தாய்ப்படம் அக்கா. சக்கரச் சில்லு, இருக்கை, கால்மிதி எல்லாம் இதிலயிருந்துதான் பிறக்கும். இதில ஒரு அளவை மாத்தினால் எல்லாம் தானாய் மாறும்."
சாமானே இல்லாமல் சாமான் பிறக்குமா? பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.
"கோயில்ல குடுக்கிற விபூதியையே மோந்து பாக்கிற ஆளு நீ."

28.5, ஞாயிறு
இன்று முழு நாற்காலியும் திரையில் சுற்றியது. அழகுதான். இருக்கையின் அகலத்தைக் கேட்டுச் சாணால் மேசையில் வைத்துப் பார்த்தேன் - இரண்டு பூரணி உட்காரலாம்! வேற ஏதோ பெரிய வீட்டுப் பிள்ளைக்குச் செஞ்சுக்கிட்டு, நம்ம பேரச் சொல்றாரா?
"யாருக்கு மாஸ்டர் இது?"
அவர் முகம் வாடியது. "நீங்கள் தந்த அளவுதான் அக்கா. நான் ஒண்டும் கூட்டேல்லை. இந்தக் கிழமை, வாற ஞாயிறுக்கு முன்னம், இரும்புக் குழாய் வெட்டுவம். ஒரு நாற்காலிக்குத்தான் குழாய் கிடைச்சது."
பொய். எப்படிப் பார்த்தாலும் பொய்.

30.5, செவ்வாய்
கவுனைத் துவைத்துக் காயப்போட்டேன். பூரணி பக்கத்தில்தான் இருந்தாள். கவுனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். வளர்ற பிள்ளை, இரண்டு வருஷத்துக்குக் காணட்டும் என்று டெயிலரிடம் பெரிசாகத் தைக்கச் சொன்னது நான்தானே? தாய்ப்படத்துக்கே அதத்தானே குடுத்தேன்! தாயே, அந்த மனுசன என்னென்ன நெனச்சேன்.

31.5, புதன்
காலையில் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்:
மாஸ்டருக்கு, கவுன் பெரிசு, பிள்ளை சின்னது. பிழை என்னுடையது. ஞாயிறு வாங்க, கட்டிலில் கிடத்தியே அளந்துகொள்ளுங்கள். படத்தில் மாற்றினால் எல்லாம் மாறும் என்றீர்கள். வெட்டிய இரும்பு மாறாதே. வெட்டியாச்சா, இல்லையா? இன்றைக்கே இவரிடம் பதில் சொல்லி அனுப்புங்கள்.