கதிரைக் காலை வெட்டுவதா

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் தனுஷனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் நிருஷாவும் பிள்ளையும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாருக்குச் சொல்லிச் சொல்லித்தான் தினமும் விளக்கு வைக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை, மற்றப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லுகிறார், பிறகு நான் எதைக் கதைப்பது, சாப்பிட்டாயா, அங்கே பனியா, அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. பாமன்கடையில் இருந்து ஒரு பிள்ளை ஒஸ்லோவுக்குப் படிக்க வருகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். தூளை உடனே போத்தலில் கொட்டி இறுக்கி மூடி வை, போன முறை போலப் பையோடு வைத்து வண்டுக்குக் கொடுக்காதே.

முதலில் ஒன்று, கோபிக்கக் கூடாது. நீ கொள்ளுப்பிட்டியில் வாங்கித் தந்த சோஃபா இப்போது எங்களிடம் இல்லை, கீழ்வீட்டு சஹ்லாவுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுடைய பிள்ளைகள் அதில் ஏறிக் குதிக்கிறார்கள். அது குறைந்த சாமான் இல்லை, நீ ஆசையாக வாங்கியதுதான், ஆனால் அதில் இருந்தால் ஆள் உள்ளே போய்விடுகிறது. இடுப்பு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று உனக்குச் சொன்னோம், அதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது என்னவென்றால் அப்பா ஹோலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சோஃபாவில் இருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருநாள் சஹ்லாவின் புருஷன் வந்திருந்த நேரம் நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கமாகத் தூக்கினோம், அன்றைக்குப் பிறகு உன்னுடைய அப்பாவுக்குக் கட்டிலே கைலாயம். பேப்பரும் கட்டிலில், சாப்பாடும் கட்டிலில், நியூஸ் மட்டும் நான் சத்தமாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் கதிரை போட்டுப் பார்த்தேன், கலியாண வீட்டுக்கு வந்தவன் மாதிரிக் கிடக்கு, கொண்டுபோம் என்றார். உடற்பயிற்சி செய்விக்க வருகிற தாரிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்பிடிப் படுக்க விட்டீங்களெண்டா கால் ரெண்டும் சும்மா போயிடும் அன்ட்டி, கைபிடி வச்ச உயரமான பாரக் கதிரை ஒண்டு எடுங்கோ, கால் நிலத்தில நல்லா ஊண்ட வேணும் என்று சொன்னாள். கடைகளில் பார்த்தேன், ஒன்று வழுக்குகிறது, ஒன்று தள்ளினால் ஓடுகிறது, இருந்த ஒரேயொரு நல்லது ராசா இருக்கிற சிம்மாசனம் மாதிரி எங்கள் ஹோலுக்குள் அடங்காதது.

அதுதான் சொல்லிச் செய்விப்போம் என்று முடிவெடுத்தேன். சஹ்லாதான் தெஹிவளையில் தளபாடம் செய்யும் ஸியாம் நானாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அவள் அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பலாமரம் போடுவம், கடற்காத்துக்கு ஆணி கறள் பிடிக்கும், நான் மர ஆணிதான் அடிக்கிற, ஒங்கட பேரப்பிள்ளைகளும் அதில இருப்பாங்க என்றார். யாவாரி வாய் என்று நினைத்தேன், ஆனால் சஹ்லாவின் மாமனார் வீட்டில் நானாவின் வாப்பா செய்த அலுமாரி இன்றைக்கும் கிறீச்சென்று சத்தம் போடாமல் திறக்கிறது, அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அளவு எடுக்கத்தான் வில்லங்கம் வந்தது. அந்த மனுஷன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நாடாவோடு அறைக்குள் வர, அப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னும் மூச்சு நிக்கேல்ல, பெட்டிக்கு அளவெடுக்கப் பிறகு வாரும் என்றாரே பார்க்கலாம். எனக்கு உயிர் போய்விட்டது. நானா சும்மா இருந்திருக்கலாம், எங்கட முஸ்லிம் ஆக்களுக்குப் பெட்டி இல்லையே சேர், எனக்கு அது செய்யத் தெரியா என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார், பிறகு யார் சொல்லியும் அளக்க விடவில்லை. பிடிவாதம் எங்கே இருந்து வந்தது என்று உன்னைப் பார்த்து நான் கேட்பதே இல்லை.

நானும் விடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் தோள் அகலத்தையும் முழங்கை உயரத்தையும் நூல் பிடித்து எடுத்தேன். கால் அளவுதான் எடுக்க முடியவில்லை, முடக்கிக்கொண்டு படுக்கிற ஆள். அலுமாரியைத் திறந்து அடித்தட்டில் கிடந்த ஒரு நீளக் காற்சட்டையைப் பையில் போட்டு, முழங்கால் உப்பியிருக்கிற இடத்தில் இருந்து கீழ் விளிம்பு வரைதான் கணக்கு என்று சொல்லி நானாவிடம் அனுப்பினேன். அவர் முணுமுணுத்தார், தையல்காரனுக்குக் குடுக்கிற சாமான எனக்குக் குடுத்தா எப்பிடி என்றார். ஆனால் செய்தார்.

கதிரை வந்த அன்று லிஃப்ட் வேலை செய்தது, அதுவே பெரிய புண்ணியம். லொறிக்காரச் சிங்களப் பெடியனும் நானாவும் தூக்கிவந்து கடற்கரை ரயில் தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். என்ன வடிவு தெரியுமா தம்பி. இப்போது மஞ்சள், வைக்க வைக்கச் சிவந்து கறுக்குமாம். கைபிடி உள்ளங்கைக்குள் வந்து இருக்கிறது, ஒரு ஆணித்தலை கண்ணில் படாது. பொலிஷ் மணத்துக்கோ என்னவோ, அப்பா வோக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஹோலுக்கு வந்தார். நான் காணாதவள் போல ஜன்னல் சீலையை ஒதுக்கினேன், கதைத்தால் திரும்பிப் போய்விடுவார் என்ற பயம். தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், மெல்ல இருந்தார். இருந்தால் குதிக்கால் நிலத்தில் முட்டவில்லை, விரல் நுனி மட்டும்தான் பட்டது. நான் நானாவில் பாய்ந்தேன், என்ன மனுஷன் நீங்கள், அளவு தந்தும் இப்படியா என்று. அவர் கோபப்படாமல் பையில் இருந்து காற்சட்டையை எடுத்துக் கதிரைக் காலோடு சேர்த்துப் பிடித்தார், நூல் பிசகவில்லை. அப்பா அதைக் கையில் வாங்கினார், உப்பிக் கிடந்த முழங்காலைத் தடவிப் பார்த்தார், இது என்ர இல்லை, தம்பின்ர என்றார்.

ஓமடா, உன்னுடையதுதான். நீ கடைசியாக வந்தபோது விட்டுப்போனது. அப்பாவின் காற்சட்டை எது கிடந்தாலும் மடிப்புக் கலையாமல் கிடக்கும், இந்தக் குழந்தைப்பிள்ளை முழங்காலைப் பார்த்தாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானா அலட்டிக்கொள்ளவில்லை, கூடினா வெட்டலாம் அன்ட்டி, கொறஞ்சாத்தான் ஒட்ட ஏலா என்று சொல்லிக்கொண்டு பென்சிலை எடுத்து நான்கு காலிலும் கோடு போட்டார். அன்றைக்குப் பெட்டிக் கதை கதைத்த அப்பா பச்சைப்பிள்ளை மாதிரிக் காலை நீட்டி அளக்கவும் விட்டார். எல்லாம் சரி என்று நான் தேத்தண்ணி ஊற்றப் போகிறேன், நானா மரம் அறுக்கிற வாளை எடுக்கிறார், அப்பா கையை வைத்து மறித்துவிட்டார். வெட்டவேண்டாம் நானா, இது அவன்ர அளவில வந்திட்டுது, நான் எவ்வளவு காலத்துக்கு இருக்கப்போறன், கதிரை கிடக்கப்போகுது, அவன் வந்து இருக்கேக்க முழங்கால் நெஞ்சில முட்டப்படாது என்றார். நான் கத்தினேன், உங்களுக்கென்று செய்தது என்றேன், கேட்டால்தானே. நானா என்ன செய்வார், மிஞ்சின பலகையில் காலுக்குக் கீழே வைக்க ஒரு சின்னப் பலகை செய்து கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இப்போது அப்பா காலையில் எழும்பினால் அந்தக் கதிரைதான். பேப்பர் அங்கே, சாப்பாடு என்னோடு மேசையில், ரயில் போனால் எனக்கு அறிவிப்பு வேறு. ஆனால் எழும்புகிறபோது அந்தக் கால் பலகையைத் தள்ளிவிட்டு எழும்ப வேண்டும். போன கிழமை நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, தள்ளாமலே எழும்பி, பலகை வழுக்கிவிட்டது. கைபிடியைப் பிடித்தபடியால் விழவில்லை. நான் ஓடிவர முகம் வெளிறி நிற்கிறார், ஒண்டுமில்லை ஒண்டுமில்லை என்கிறார். அன்றைக்கே தாரிகாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். தாரிகா ஏசிவிட்டாள், பலகையை எறியுங்கோ, கதிரைக் காலை வெட்டுங்கோ, இன்னொருக்கா இடுப்பு உடைஞ்சா இனி ஏலாது என்று. அதற்கும் அப்பா ஒரே பதில்தான், தம்பி வரட்டும், வந்து ஒருக்கா இருந்து பாக்கட்டும், பிறகு வெட்டுவம்.

இப்போது விளங்கியிருக்கும் ஏன் எழுதுகிறேன் என்று. ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் கட்டாயம் அம்மா என்கிறாய், பிறகு வேலை, பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடம், பிறகு டிக்கெட் விலை. நான் குறை சொல்லவில்லை, உனக்கும் அங்கே தலைக்கு மேல் வேலை. ஆனால் இனி எனக்கு ஒரு சொல் வேண்டும். வருகிறாய் என்றால் எந்த மாதம் என்று சொல், அதுவரைக்கும் அவர் எழும்பும் ஒவ்வொரு முறையும் நானே குனிந்து அந்தப் பலகையை எடுக்கிறேன், எனக்கும் முழங்கால் வலிதான், பரவாயில்லை. வரமாட்டாய் என்றால் அதையும் சொல், ஆனால் எனக்கு இல்லை. இது கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது ஸ்பீக்கரில் அப்பாவுக்கே சொல், அப்பா கதிரைக் காலை வெட்டுங்கோ என்று. நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். இன்னொரு சோஃபா மட்டும் அனுப்பிவிடாதே.

நிருஷாவை இடுப்பு நோவோடு வாளி தூக்க விடாதே. பிள்ளையோடு வீட்டில் தமிழில் கதையுங்கோ, போனில் அவள் சொல்வது ஒன்றும் அப்பாவுக்கு விளங்குவதில்லை, விளங்கியது போலச் சிரிக்கிறார். மூவரும் ஒற்றுமையாக, நல்ல உடம்போடு, எடுத்த காரியம் நிறைவேறி வாழ இந்த அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை. ஸியாம் நானா கூப்பிட்டவுடன் வருவார். கதிரையை நாள்தோறும் துடைக்கிறேன், கால்களில் அந்தப் பென்சில் கோட்டை மட்டும் விட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
கனகேஸ்வரி