மாடிக்குப் போன வயர்

அக்கா,

இன்று காலை நாங்கள் குடிமாறி வந்த வாகட் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் அந்த அமில வாடை கூடம் முழுக்கப் பரவியது. உடனே நீங்கள் மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் இந்தியில் ஏதோ கேட்டார். பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன்.

முன்பு விஷ்ராந்த்வாடியில் நாங்கள் கீழ்வீடு, நீங்கள் மாடிவீடு. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு மொட்டை மாடியில் வைத்த சோலார் தகடுகள் வெயில் அடித்தால் இரண்டு ஃபேனை ஓட்டும், மேகம் வந்தால் படுத்துவிடும். "உங்க வூட்டு கரண்டு சூரியனைக் கேட்டுட்டுத்தான் வரும்" என்று கேலி செய்வீர்கள். பிறகு உங்கள் நுரையீரல் கெட்டுப்போய் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. வியாழக்கிழமை ஆனால் பகலெல்லாம் கரண்ட் போகிற ஊரில் அது எப்படி ஓடும்? உங்களுக்காகத்தான் இவர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிச் சோலாரோடு சேர்த்தார். எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உங்கள் கட்டில்வரை ஒரு வயர் போனது. கரண்ட் போனதும் பிளக்கைச் செருகுவேன். "லைன் வந்துருச்சு, பொண்ணே" என்று மேலிருந்து குரல் வரும். ஊருக்கே கரண்ட் கொடுப்பவள் மாதிரி எனக்கு அத்தனை பெருமை.

அந்த ஆடி மாத வியாழக்கிழமை, சென்னையிலிருந்து என் நாத்தனார் குடும்பம் முதல்முறையாக வந்திருந்தது. உங்கள் மகள் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போயிருந்தாள். வடைக்கு அரைக்க மிக்ஸியைப் போட்டேன். பாரம் தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றது. உங்கள் பிளக்கைப் பிடுங்கினேன். ஐந்தே நிமிஷம் என்றுதான் நினைத்தேன். மேலே மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. எனக்குக் கேட்டது அக்கா. இதோ, இதோ என்று அரைத்தேன், தட்டிப் போட்டேன், பரிமாறினேன், இன்னும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று உபசரித்தேன். எப்போது அந்தச் சத்தம் அடங்கியது என்று தெரியாது.

கரண்ட் வந்து ட்யூப்லைட் எரிந்தபோதுதான் நினைவு வந்தது. ஓடி வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏன்க்கா கூப்பிடலே?"

"அரே, வூட்ல விருந்தாளி இருக்கறப்போ… நான் கத்தினா… நல்லாவா இருக்கும்?"

"பேட்டரி தீந்துபோச்சுக்கா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். "மழைக்காலம். அது பாவம், என்னா பண்ணும்."

அதற்கப்புறம் இரண்டு மாதம்தான் இருந்தீர்கள். நுரையீரல் ஓய்ந்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். நானும் அதை நம்பப் பார்த்தேன். காரியம் முடிந்த அன்று உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கரண்ட் போனா அம்மா மெஷினை நிறுத்தி நிறுத்தி வெப்பாங்க சித்தி. ஏம்மான்னு கேட்டா, 'கீழ பேட்டரி தீந்துரும்டி, அவங்களுக்கு வேணாமா'ம்பாங்க."

அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமைகளில் எல்லாம் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நீங்கள் "லைன் வந்துருச்சு" என்று குரல் கொடுப்பீர்கள், நானும் நிம்மதியாக என் வேலையைப் பார்ப்பேன். மேலே மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்ன ஒரு பொய்யை நீங்கள் மூச்சைப் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

இங்கே நாங்கள் கடைசி மாடி. தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். ஆனாலும் கரண்ட் போனால் மேலே மெஷின் கத்துகிறது. எழுந்து போய் எல்லா பிளக்கையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் மகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஃபோன் செய்கிறாள். "கடைசிவரைக்கும் எங்கம்மாவுக்கு லைன் குடுத்தீங்களே சித்தி, அதை மறக்கவே மாட்டேன்" என்கிறாள்.

"இருக்கட்டும்மா" என்கிறேன்.