ஸ்டவுட் என்ற சொல்

சாய்ந்தமருது
14.03.1982

அன்பு மகள் முனவ்வறாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், உம்மாவின் முழங்கால் நோவு மாரி ஈரத்துக்குக் கிளம்பி இப்போது வெயிலோடு அடங்கிவிட்டது. நீயும் மருமகனும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறோம். உன் நாலு பக்கக் கடிதம் போன மாதமே வந்தது. உடனே பதில் போடவில்லை என்று கோபிக்காதே, முடிவு தெரியாமல் எழுதக்கூடாது என்று பொறுத்திருந்தேன். நேற்றுத் தெரிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், வாப்பாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. அது உன் கடிதத்தால் ஆனது மகள்.

ஜனவரியில் நான் ஒரு சின்னத் துண்டில், ஸ்டவுட் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு என்ன கருத்து, விபரமாக எழுது என்று மட்டும் கேட்டிருந்தேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது. வாய்க்கால் வேலையில் நெடுங்காலமாக நாட்கூலிக்கு நிற்பவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள், பழைய சேவைக்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்று நீர்ப்பாசனக் கந்தோரில் சொன்னார்கள். என் கடதாசி எல்லாம் எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரையோடு போனது உனக்குத் தெரியும். மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஐம்பத்தேழு வெள்ளத்துக்குப் பிறகு மட்டக்களப்பு எஞ்சினியர் றொசைறோ துரை தன் கையால் எழுதித் தந்த சேட்டிபிக்கட். ‘கச்சி, உன்னப் பத்தி நல்லா எழுதியிரிக்கன், கவனமா வெச்சிக்க’ என்று சொல்லித்தான் தந்தார். என்ன எழுதினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, நல்லது என்றாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

கந்தோரில் புதிதாக வந்த இளம் அதிகாரி அதை வாசித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘இதில ஸ்டவுட்டான ஆள் எண்டு எழுதியிருக்கு. ஸ்டவுட் எண்டா தடிச்ச உடம்புக்காரன். நீங்க ஈர்க்குச்சி மாதிரி நிக்கிறீங்க. கச்சிமுகம்மது எண்ட பேரில இந்தக் கரையில எத்தனை பேர். இது ஆர்ர கடிதம், உண்மையச் சொல்லுங்கோ’ என்றார். இருபத்தைந்து வருசம் கவனமாக வைத்திருந்த கடதாசியைக் களவெடுத்தவனைப்போல வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சந்தித் தேத்தண்ணிக் கடையில் அப்துல் கபூர் மச்சானிடம் ஆறுதலுக்குச் சொன்னால், அவன் கடைக்கே கேட்கும்படி, ‘ஸ்டவுட் எண்டா கறுத்த பியர் மச்சான், போத்தல்ல ஒட்டியிரிக்கும். துரை உன்னக் குடிகாரன் எண்டெல்லுவா எழுதித் தந்திரிக்காரு’ என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அடுத்த ஜும்ஆவுக்குப் போனபோது இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மாதான், ‘இங்கிலீசில ஒரு சொல்லு மறிச்சா இங்கிலீஸ் தெரிஞ்ச புள்ளயக் கேக்கிறதுதானே, எதுக்கு மூலைக்குள்ள குந்திக்கிட்டு இரிக்கிங்க’ என்று சத்தம் போட்டாள்.

உன் கடிதத்தில் இங்கிலீஷ் சொற்கள் நிறைய இருந்ததால் பள்ளிக்கூடத்து றஸாக் மாஸ்டரைக் கூப்பிட்டேன், அவர் எங்கள் வீட்டில் வைத்தே வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லுக்குள் இத்தனை காலம் கிடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பழைய பிரெஞ்சிலிருந்து அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முந்தி வந்தது, முதலில் பெருமை பிடித்தவனைச் சொன்னது, பிறகு அஞ்சாமல் நிற்பவனை, சண்டையில் பின்வாங்காதவனைச் சொன்னது, பிறகு இலேசில் உடையாத கப்பலுக்கும் கயிற்றுக்கும் தடிக்கும் ஆனது, வீரியமான பியருக்கும் அதனாலேதான் அந்தப் பேர், கடைசி இருநூறு வருசத்துக்குள்தான் பருத்த ஆட்களை மனம் நோகாமல் சொல்ல எடுத்துக்கொண்டார்கள் என்று நீ ஒவ்வொன்றாக எழுதியிருந்தாய். நடுவிலே, சொன்ன சொல் கேளாத பிடிவாதக்காரனுக்கும் ஒருகாலம் அதே சொல்தான் என்றும் எழுதியிருந்தாய். றஸாக் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘கச்சிக் காக்கா, துரை பழைய ஆள், பழைய இங்கிலீசில உங்கள அஞ்சாதவர் எண்டு எழுதியிரிக்காரு’ என்றார். உம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். என்னிடம் வெங்காயம் என்றாள்.

மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் கந்தோருக்குப் போனேன். அந்த அதிகாரி உன் கடிதத்தை முழுக்க வாசித்தார், எழும்பி அலுமாரியிலிருந்து ஒரு பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தார். பிறகு, ‘அண்டைக்கு நான் பாத்தது சின்ன அகராதி ஐயா, அதிலயும் முதல் வரியோட மூடிட்டன், பிழை என்னிலதான்’ என்றார். கதிரை போட்டு இருக்கச் சொல்லி, ‘வெள்ளத்தில என்ன நடந்தது, சொல்லுங்கோ’ என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். அதற்குத்தான் நேற்று உத்தரவு வந்தது.

அவரிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், உம்மாவுக்குக்கூட இதுவரை முழுக்கச் சொன்னதில்லை. அஸர் தொழுகை நேரம், கிட்டங்கிப் பக்கம் வாய்க்கால் கட்டு உடைகிற மாதிரி இருந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை ஏறிவிட்டார்கள். நான் போகாததற்குக் காரணம் வீரம் இல்லை, எனக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையில் பிறந்தவன் அதை எப்படி வெளியே சொல்வது. பயத்தோடுதான் மண்மூட்டைகளை முதுகால் முண்டு கொடுத்து நின்றேன். பிறகு துரை கயிறு வீசி, ‘வா கச்சி, வா’ என்று கத்தினார். அப்போது வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கக் குடிசைகளில் பெண்கள் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நான் விலகினால் மூட்டை சரியும். ‘அவங்க போகட்டும், அதுவரைக்கும் வரமாட்டன்’ என்றேன். அவர் ஏசினார், நான் அசையவில்லை. கடைசித் தோணி போன பிறகுதான் கயிற்றைப் பிடித்தேன். அதனால் மகள், அஞ்சாதவன் என்பது எனக்குக் கொஞ்சம் பெரிய சட்டை. பிடிவாதக்காரன் என்பதுதான் என் அளவுக்குத் தைத்தது. துரை எந்தக் கருத்தை நினைத்து எழுதினாரோ, அவர் மௌத்தாகி எட்டு வருசம், கேட்க வழியில்லை.

அந்தப் பிடிவாதம் உன்னிடமும் ஒருமுறை வந்தது. பத்தாம் வகுப்போடு போதும், பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் ரியூசன் எதற்கு என்று நான் மறித்தேன். நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். உம்மா எனக்குத் தெரியாமல் உன்னை அனுப்பினாள், தெரிந்த பிறகும் நான் ஒரு மாதம் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்கு நான் உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், வாப்பாவை மன்னித்துக்கொள். நீ அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு என் பேச்சை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வேறு சங்கதி, பக்கத்து வீட்டு உம்முவுக்குப் பெண்பிள்ளை கிடைத்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். இந்த முறை வேளாண்மை பரவாயில்லை. குளிருக்குள் காது மூடிப் போ, பசியோடு வேலைக்குப் போகாதே, மருமகனுக்கு என் ஸலாம் சொல். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் ஸாலிஹான பிள்ளைகளையும் தருவானாக. ஒன்றை மறந்துவிடாதே. அங்கே நூலகம் பூட்டுகிற நேரத்திலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தப் பாரமான அகராதிப் புத்தகத்தைத் தூக்கி வந்து, நீ எழுதி முடியும்வரை விளக்கை அணைக்காமல் காத்திருந்தாள் என்று எழுதியிருந்தாயே, அவளுடைய பேரை விசாரித்து அனுப்பு. துஆவில் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு வாப்பா
ஆ. கச்சிமுகம்மது